பெயிண்ட் சுரண்டாத இரண்டு கொம்புகள்

கொம்பில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டுப் புதையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதோடு படிப்பதை நிறுத்த நினைப்பவர்கள் நிறுத்தலாம்.

போன வாரம் நம் பயிற்சிக் கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஏழு பேரும் பாடம் படித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர்ணம் பூசிய கொம்புகளைத் தவிர்க்கவும், கிடைக்காவிட்டால் சுரண்டி எடுக்கவும் என்று ஒரு வரி வந்தது. படித்தீர்கள். பக்கத்தைத் திருப்பினீர்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் சேர்ந்த வருஷம் எங்கள் பயிற்சியாளர் இதே வரியை மூன்று தடவை சொன்னார். நானும் கேட்கவில்லை. அதற்கு என்ன பலன் என்று எழுதி வைத்துவிட்டால் உங்களில் ஒருவராவது பிழைப்பீர்கள்.

நான் பத்தொன்பது வருஷம் நம் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். தியாகதுருகத்தில் வீடு. அங்கிருந்து திருக்கோவிலூர் வரைக்கும் என் எல்லை. வேலை, வீட்டுத் தோட்டம். அதிலும் உயிராற்றல் முறை. நிலாவைப் பார்த்து விதைப்பது, மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்து உரமாக்குவது, இதெல்லாம். முதல் நாள் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நான் கோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தார்.

அலுவலகம் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை நம்பாதீர்கள். வசந்தம் நெருங்கும்போது பனி விலகி மண் கண் விழிக்கும் என்று அதில் போட்டிருக்கும். எழுதினவர் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் மாசி மாதம் மதியம் ஒரு மணிக்கு நின்றதில்லை. இங்கே மாசியில் மண் கண் விழிக்காது. வரப்போகிற வெயிலை நினைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். பெண்களிடம் வசந்தம் என்று சொல்லாதீர்கள். மாசிப் பட்டம் என்று சொல்லுங்கள். கத்தரி, வெண்டை, பாகல், புடலை. அவர்களுக்குப் புரியும். இன்னொன்று. தினசரி காலண்டரில் கீழ்நோக்கு நாள் என்று போட்டிருப்பது வேறு, நம் நிலாக் கணக்கில் கீழ்நோக்கு என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி நான் ஒரு வருஷம் பதினாறு வீட்டில் நாற்று நட வைத்தேன். அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். அது எனக்கு மட்டும் அவமானம். இப்போது சொல்லப்போவதில் இன்னொருத்தியின் பிழைப்பு மாட்டிக்கொண்டது.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே ஏழுமலை என்று ஒருவர். பெண்ணையாற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருந்தார். கட்சிக்காரர். அவர் மனைவி தனம் என் வகுப்புக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட்டில் தோட்டம் போட ஆசைப்பட்டார். தனம் ஆசைப்பட்டாரே தவிர மண்ணில் கை வைத்தது அஞ்சலை.

அஞ்சலைக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. கரும்பு வெட்ட, நாற்று நட, களை எடுக்க என்று கூலிக்குப் போவாள். எங்கே நிற்க வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இந்த எட்டு சென்ட்டில் மட்டும் அவள் சொன்னது நடந்தது. வேலை அவளுடையது, விளைந்ததில் பாதி அவளுக்கு. கூடையில் வைத்து மணலூர்பேட்டைக்குக் கொண்டுபோய் விற்பாள். ஒரு தடவை நான் மூலையைக் காட்டி இங்கே வெண்டை போடு என்றேன். அங்கே தண்ணீர் நிற்கும், வேர் அழுகும் என்றாள். நான் கையில் இருந்த வரைபடத்தைக் காட்டினேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வெண்டைக்குப் படம் பார்க்கத் தெரியாதுங்க மேடம் என்றாள். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நாலாம் நாள் மழை பெய்தது. மூலையில் தவளை கத்தியது.

ஐப்பசியில் கொம்பு புதைக்க வேண்டும். பன்னிரண்டு கொம்பு என்று படிவத்தில் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அலுவலகம் பத்து அனுப்பியது. பத்தையே புதைத்திருக்கலாம். எட்டு சென்ட்டுக்குப் பத்து கொம்பே ஊதாரித்தனம். ஆனால் படிவத்தில் பன்னிரண்டு இருக்கிறது. நமக்கெல்லாம் மண்ணைவிடப் படிவம்தான் முக்கியம். இரண்டு குறைகிறதே என்று அஞ்சலையிடம் புலம்பினேன். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மறுநாள் ஒரு கோணியில் இரண்டு கொம்பு கொண்டுவந்தாள். பசுவின் கொம்புதான், நல்ல கொம்பு. ஆனால் அடியிலிருந்து நுனி வரை இரண்டு நிறத்தில் பட்டை பட்டையாக பெயிண்ட்.

மாட்டுப் பொங்கலுக்கு நம் பக்கம் கொம்புக்கு வர்ணம் அடிக்கும்போது, கட்சிக்காரர்கள் தங்கள் கொடியின் நிறத்தை அடிப்பார்கள். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அது எந்தக் கட்சியின் நிறம் என்று எழுத மாட்டேன். எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் நமக்குத் தோட்டம் இருக்கிறது.

எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. இதைச் சுரண்டணுமா என்று அஞ்சலை கேட்டாள். ஆம், அவள் கேட்டாள். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மண்ணுக்குள்ளே போவதற்கு எதற்கு அழகு, போட்டு மூடு என்றேன். மூடினோம். ஏழுமலையிடம் சொல்லவும் இல்லை. அவருக்கு விளக்க ஆரம்பித்தால் அரை நாள் போகும் என்று தனத்திடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே சாயங்காலத்தில் மூன்று தப்பு. மூன்றும் என்னுடையது.

மாசி வந்தது. உள்ளாட்சித் தேர்தல் வரும், வரும் என்று பேச்சு கிளம்பியிருந்தது. ஊராட்சித் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு என்று ஆனதால் தனம் வேட்பாளர் ஆனார். சுவரொட்டியில் தனத்தின் முகம் தபால்தலை அளவு. ஏழுமலையின் முகம் கதவு அளவு. பக்கத்து ஊர்க் கட்சிக்காரர்களையெல்லாம் ஏழுமலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு பிரியாணி போட ஏற்பாடு செய்தார். சமையல்காரர் விடியற்காலையில் வந்து, அடுப்புக்காகத் தோட்டத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டச் சொன்னார். அவருடைய ஆட்கள் எங்கே வெட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நான் அன்றைக்குத்தான் கொம்பைத் தோண்டி எடுக்க வருவதாக இருந்தேன். கத்தரி நாற்று தயாராக நின்றது. சாயங்காலம் உரத்தைக் கரைத்துத் தெளித்துவிட்டு மறுநாள் நட வேண்டும் என்று திட்டம். பஸ்ஸுக்கு நிற்கும்போது அஞ்சலையின் போன் வந்தது.

"மேடம், கொம்ப நோண்டிட்டாங்க. நான் சூனியம் வெச்சிட்டேன்னு சொல்றாங்க. நீங்க வந்தாத்தான் ஆவும்."

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பின்பக்கம் நாற்பது பேர் நின்றார்கள். தார்ப்பாயில் பன்னிரண்டு கொம்பும் கிடந்தன. பத்து வெறும் கொம்பு ஒரு பக்கம், பட்டை போட்ட இரண்டும் தனியாக, யாரும் தொடாமல். நாலு மாதம் மண்ணில் கிடந்தும் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டு என் வீட்டுக் கதவுக்கு அடிக்கலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அஞ்சலை முருங்கை மரத்தடியில் நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. வூட்டுக்குப் போ என்றும் யாரும் சொல்லவில்லை. தனம் சமையல்கட்டு வாசலில் நின்றார். ஏழுமலை நடுவில் நின்று எனக்கு ஆதாரங்களை எடுத்துச் சொன்னார். குழி வெட்டினது அஞ்சலை. அஞ்சலையின் புருஷன் எதிர்க்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவன். கொம்பில் இருப்பது எதிர்க்கட்சியின் நிறம். மோட்டார் காயில் எரிந்துவிட்டது. வாசலில் நட்ட கொடிக்கம்பம் சாய்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல், வேட்பாளருக்கு ஒரு வாரமாகத் தொண்டை கட்டிக்கொண்டது. மேடையில் பேச வேண்டியவருக்குக் குரலே வரவில்லை.

அஞ்சலையின் புருஷன் எல்லாக் கட்சிக்கும்தான் ஒட்டுவான். ஏழுமலையின் கதவளவு முகத்தையும் அவன்தான் ஒட்டினான். அதை யாரும் சொல்லவில்லை.

இது விளையாட்டு இல்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. தோட்டம் போனால் பாதிக் காய் போகும், அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். சூனியம் வைக்கிறவள் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அந்த ஊரில் ஒருவரும் அவளை நாற்று நடக் கூப்பிட மாட்டார்கள். அவள் நட்ட வயலில் எலி வந்தாலும் அவள் பேர்தான் அடிபடும்.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். எனக்கு அதுதான் தெரியும். படிக்காத ஜனங்கள் என்றேன். அங்கே நின்றவர்களில் இரண்டு பேர் வாத்தியார்கள். நான்தான் புதைத்தேன், நான்தான் புதைக்கச் சொன்னேன், இது உரம் என்றேன். உரம் என்றால் மூட்டையில்தானே வரும் என்று ஒருவர் கேட்டார். பிறகு, அஞ்சலையை இதிலிருந்து முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் ஒரு பொய் சொன்னேன். பன்னிரண்டு கொம்பும் எங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது என்றேன்.

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்டீன்னா உங்க ஆபீசு அந்தக் கட்சியாம்மா?"

முடிந்தது. அங்கேயே ஒருவர் கொம்பையும் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தார். அரை மணி நேரத்தில் என் போனுக்கே அது வந்தது, நம் வேட்பாளர் இல்லத்தில் தொண்டு நிறுவனத்தின் சதி என்ற வாசகத்தோடு. வட்டம் போட்டு என் முகத்தைக் காட்டியிருந்தார்கள். கொம்புக்குக்கூட வட்டம் போடவில்லை.

அப்பாவியைக் காப்பாற்றப் பொய் சொல்லாதீர்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. பொய் சொன்ன பிறகு அந்த அப்பாவியோடு நீங்களும் போய் நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

நடுநடுவே சமையல்காரர் வந்து அடுப்பு மூட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரிசி ஊறுகிறது, கறி வெட்டியாகிவிட்டது, பள்ளம் தயார். சூனியம் எடுத்த பள்ளத்தில் பிரியாணியா என்று ஏழுமலை சீறினார். வேறு இடத்தில் வெட்டச் சொன்னால், அங்கே என்ன இருக்குமோ என்று சமையல்காரர் பயந்தார். ஆக, கல்வராயன் மலையிலிருந்து பூசாரி வரும் வரைக்கும் யாருக்கும் சோறு இல்லை. அவரைக் கூட்டிவரக் காலையிலேயே கார் போய்விட்டிருந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பூசாரி வந்தார். நான் பெரிய உருவமாக எதிர்பார்த்தேன். ஒல்லியான மனுஷன், தோளில் துண்டு, மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்த களைப்பு. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தார்ப்பாயில் உட்கார்ந்தார். ஒரு கொம்பை எடுத்துத் தட்டினார். தகடு விழும், முடி விழும், ஆணி விழும் என்று எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். கறுப்பாக, பொலபொலவென்று மண் மாதிரி ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தார். விரலில் தேய்த்தார். மறுபடி முகர்ந்தார். அவர் முகத்தில் இருந்த களைப்பு போய்விட்டது.

"இது சாணிங்க" என்றார்.

"சூனியம் வெச்ச சாணியா?" என்றார் ஏழுமலை.

"சாணியில சூனியம் வெக்க முடியும்னா, ஊர்ல ஒரு பொம்பள வாசல் தெளிக்க முடியுங்களா?"

நான் மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்து எப்படிச் செய்கிறோம் என்று சொன்னேன். கத்தாமல் சொன்னேன். பால் கறக்கிற பசுவின் சாணம், பசுவின் கொம்பு, ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் மண்ணுக்குள். சாண வாடை முழுக்கப் போய்க் காட்டு மண்ணின் வாசனை வந்தால் பதம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மலையில் அவருக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் இருந்தது. வீட்டுப் பக்கத்தில் பாகல் பந்தல் போட்டிருக்கிறார், பூ வருகிறது, பிஞ்சு நிற்பதில்லையாம். கேட்டுவிட்டுத் துண்டின் முனையில் ஒரு பிடி உரத்தை முடிந்துகொண்டார். பரிகாரத்துக்காக என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை.

ஏழுமலைக்கு ஆறவில்லை. வாட்ஸ்ஆப்பில் போன பிறகு அவர் எப்படி விடுவார்? அது சாணியாகவே இருக்கட்டும், இந்த இரண்டு கொம்பில் இருக்கும் கலருக்கு என்ன பதில் என்று பூசாரியைக் கேட்டார்.

"கலரு நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்க" என்று பூசாரி எழுந்துகொண்டார்.

சூனியம் போய்விட்டது. சதி மிச்சம் இருந்தது. குழி வெட்டினவள் அஞ்சலைதானே என்று கூட்டம் மறுபடி முருங்கை மரத்தைப் பார்த்தது.

நான் அந்த இரண்டு கொம்பையும் கையில் எடுத்தேன். பசு ஈனும்போதெல்லாம் கொம்பின் அடியில் ஒரு வளையம் விழும். மாட்டைப் பார்க்காமலேயே எத்தனை ஈத்து என்று சொல்லலாம். இதில் நாலு வளையம். நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன. நாலு கன்று போட்ட பசு, எங்கோ தொலைவிலிருந்து வந்தது இல்லை, அஞ்சலை கோணியில் போட்டு நடந்தே தூக்கி வந்தது. அலுவலகக் கொம்பு என்று நான் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இரண்டு குறைந்தது, அஞ்சலை கொண்டுவந்தாள், எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை, பெயிண்டைச் சுரண்டணுமா என்று அவள் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு அவளைக் கேட்டேன், யார் வீட்டு மாடு?

அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து ஆறு மணி நேரமாக அவளை இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆறு மணி நேரமாக அவள் சொல்லவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சொல்லித் தொலையேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் அவள் கண் போன திசையைப் பார்த்தேன். ஒரு கணம்தான். சமையல்கட்டு வாசலுக்குப் போய்விட்டுத் தரைக்கு வந்துவிட்டது.

நான் வாயை மூடினேன்.

பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. உங்களுக்கு அது வராது, எனக்குத் தெரியும். பயிற்சியில் பேசத்தான் சொல்லித் தருகிறார்கள். நாற்பது பேர் நிற்கிற இடத்தில், பதில் தெரிந்தும் கேள்வியைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பது வெயிலில் வெறுங்காலோடு நிற்பது மாதிரி. நான் அந்தப் பக்கம் கை காட்டியிருந்தால் தனம் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பார். கேள்வி அங்கேயே கிடந்தது. சமையல்காரர்கூட ஒன்றும் கேட்கவில்லை.

தனம் வாசலை விட்டு இறங்கி வந்தார். குரல் கரகரவென்று தேய்ந்து வந்தது. ஆனாலும் கடைசியில் நின்றவருக்கும் கேட்டது.

"அது நம்ம செவலக் கொம்புங்க. நாந்தான் அறுத்துக் குடுக்கச் சொன்னேன். அஞ்சலைகிட்ட உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

செவலை அந்த வீட்டின் பசு. நாலு ஈத்து. புரட்டாசியில் செத்துப்போனது. முழுசாகப் புதைத்து மேலே தென்னங்கன்று வைக்க வேண்டும் என்று ஏழுமலை அழுதுகொண்டே சொன்னாராம். என் வகுப்பில் கொம்பைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் சொன்னதை நினைத்துக்கொண்டு, தனம் அவருக்குத் தெரியாமல் கொம்பை மட்டும் அறுக்கச் சொல்லி எடுத்து வைத்திருக்கிறார்.

ஏழுமலை கொம்பைப் பார்த்தார். தனத்தைப் பார்த்தார். "நம்ம மாட்டுக்கு ஏன்டி அந்தக் கலரு?"

"நீங்கதான அடிச்சீங்க. போன வருசப் பொங்கலுக்கு. கோடு கோணக் கூடாதுன்னு என்னத் தலையப் புடிச்சிக்கினு நிக்கச் சொன்னீங்க. ஆடி மாசந்தான இங்க வந்தீங்க?"

ஏழுமலை போன ஆடி வரைக்கும் அந்தக் கட்சியில் இருந்தவர். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள், அவரும் சேர்த்து. எனக்குத்தான் தெரியாது. யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைக்க எனக்கு நேரமில்லை.

செவலையை முழுசாகப் புதைக்கச் சொன்னேனே என்று ஏழுமலை ஆரம்பித்தார். கூட்டத்தில் இருந்த பெரியவர், ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர், அவர் தோளில் கை போட்டார்.

"வுடு ஏழுமல. அந்தப் பொங்கலுக்கு எங்க வூட்டு மாட்டுக்கும் அதே கலருதான்."

அப்புறம்தான் சிரிப்பு வந்தது. ஒருவர் சிரித்து, பக்கத்தில் இருந்தவர் சிரித்து, கடைசியில் பூசாரியும் சிரித்தார். சமையல்காரர் அனுமதி கேட்கவில்லை. நேராகப் போய் விறகைப் பற்ற வைத்துவிட்டார். படம் எடுத்தவர் குழுவில் போட்டதை அழிக்கப் பார்த்தார். அதற்குள் அது நாலு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள் என் முகம் இன்றைக்கும் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். அஞ்சலைக்கு ஏழுமலை சொன்னது ஒரே வாக்கியம். சரி சரி, போய் வேலையப் பாரு. காலையிலிருந்து நின்றவளுக்கு அவ்வளவுதான். எனக்கு மறுபடி வாய் அரித்தது. ஆனால் அஞ்சலை சாப்பிடவும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. முருங்கை மரத்தடியில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். தனம் இலையில் சோறு மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணி ஆனது. கொம்பை வெளியே எடுத்தாகிவிட்டது, நாற்று நிற்கிறது. நான் ஒரு வாளியில் தண்ணீரும் கம்பும் கொண்டுவந்து வைத்தேன். உரத்தைக் கரைப்பது வழக்கமாக அஞ்சலையின் வேலை. இடையில் நிறுத்தாமல் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கைமூட்டு கழன்றுவிடும்.

"நான் கலக்கலீங்க மேடம்" என்றாள் அஞ்சலை. சத்தமாகத்தான் சொன்னாள். "நான் கை வெச்சா சூனியம். சொன்னவரு கலக்கட்டும். இல்லாட்டி இந்தத் தோட்டத்துக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

பின்வாசலில் நாற்காலி போட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஏழுமலை எழுந்து வந்தார். தனக்கு இதெல்லாம் தெரியாது என்றார். தனம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை கட்டினதால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர், கலக்குப்பா, கூலிக்கு ஆள் கிடைக்காத காலம் என்றார். ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நான் அவருக்குச் செய்முறையை விளக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கமாகவே வேகமாகச் சுற்றினால் தண்ணீர் நடுவில் குழியும், குழி அடி வரைக்கும் போனதும் என்று தொடங்கியபோது அஞ்சலை குறுக்கே வந்தாள்.

"அவருக்குச் சொல்லித் தர வேணாம் மேடம். ஒரு பக்கம் நல்லா சுத்திக்கினே இருக்கணும், கிறுகிறுன்னு வரும்போது டக்குனு அந்தப் பக்கம் திரும்பிக்கணும். அது அவருக்குத் தானா வரும்."

பெரியவருக்கு வெற்றிலைச் சாறு புரை ஏறி, ஒருவர் அவர் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. ஏழுமலை தலையை நிமிர்த்தவில்லை. சுற்றினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிஜமாகவே நன்றாகச் சுற்றினார். நான் பார்த்த ஆட்களில் இவ்வளவு சுத்தமாகப் பக்கம் மாற்றினவர் வேறு இல்லை. நாற்பது நிமிஷத்தில் முதுகு முழுக்க வேர்வை. ஒரு மணி நேரம் ஆனதும் கம்பை வைத்துவிட்டு எழப் பார்த்தார்.

அஞ்சலை மடியில் இருந்த இலையைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒக்காருங்க" என்றாள். "இன்னும் பத்து நிமிசம்."

உட்கார்ந்தார்.